குசினியில் ஒரு கொப்பி

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



வீட்டு வேலைகளைச் சமாளிப்பது பற்றிப் பேசச் சொல்லிச் சங்கத்தார் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. மனையியல் பாடத்தில் நான் வாங்கிய ஏச்சு இங்கே சிலருக்கு நினைவிருக்கும்.

நாங்கள் படித்தது 1990க்குப் பிந்திய யாழ்ப்பாணத்தில். மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் கிடைத்தாலும் யானை விலை. ஜாம் போத்தல் விளக்கில்தான் படிப்பு. சவர்க்காரம் இல்லாத நாட்களில் அம்மா பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தார். கொடியில் காயும் வெள்ளைச் சட்டையை மாடு வந்து சப்பாமல் காவல் இருப்பது என் வேலை. மற்றதையெல்லாம் அம்மா எப்படிச் சமாளித்தார் என்று நான் கேட்டதே இல்லை.

2022இல், எரிவாயுவுக்கு வரிசையில் நின்ற மாதங்களில், அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். நான் வேலைக்குப் போகிறவள். முதல் நாள் காலை விறகு புகைந்ததே தவிர எரியவில்லை. படுத்தபடியே அம்மா சொன்னார்: "முதல்ல பன்னாடையும் ஊமலும் வை பிள்ளை. விறகை நெருக்காதை, காத்துப் போகவேணும்."

அன்று ஒரு பழைய கொப்பியில், அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். கூட்டுவது, இறைப்பது, அரைப்பது மட்டுமல்ல. மா முடிய எத்தனை நாள், அப்பாவின் பிரஷர் குளிசை எப்போது வாங்குவது, மழைக்கு முன் விறகை எங்கே அடுக்குவது. மத்தியானத்துக்குள் 31 வேலைகள். அவற்றில் நான் செய்துவந்தவை நான்கு. என் கணவர் இரண்டு.

கொப்பியைச் சாப்பாட்டு மேசையில் வைத்துப் பங்கு பிரித்தோம். மகன் தேங்காய் துருவ வந்து முதல் கிழமையே திருவலையில் விரலைக் கிழித்தான். கணவர் சமையலை எடுத்தார். ஆனால் "இண்டைக்கு என்ன கறி?" என்று தினமும் என்னையே கேட்டார். வேலை கைமாறியிருந்தது, யோசனை என் தலையிலேயே இருந்தது. பிறகு, சமைக்கிறவரே சாமானும் பார்த்து வாங்க வேண்டும் என்று கொப்பியில் திருத்தினோம். இரண்டு நாள் உப்பில்லாமல் சாப்பிட்டோம். அதன்பின் அவர் உப்பு மறந்ததில்லை.

அம்மா இப்போது ஊன்றுகோலோடு நடக்கிறார். முற்றம் கூட்டத் தரச் சொல்லிச் சண்டை பிடித்து, அந்த ஒன்றைத் தன் பெயரில் எழுதுவித்துவிட்டார்.

கொப்பியைக் கொண்டு வந்திருக்கிறேன். தேநீர் இடைவேளையில் விரும்பியவர்கள் பார்க்கலாம். கறிக்கறைக்கு மன்னிக்கவும்.