தொட்டால் தெரியும், பார்த்தால் தெரியுமா?

கண்ணை மூடிக்கொண்டு ஒரு கையில் எலுமிச்சம்பழத்தையும் மறு கையில் தீப்பெட்டியையும் எடுத்துக்கொள்ளுங்கள். எது எதுவென்று விரல் உடனே சொல்லிவிடும். கண்ணைத் திறந்தால் கண்ணும் அதையேதான் சொல்லும். இப்போது, பிறந்ததிலிருந்தே பார்வை இல்லாத ஒருவருக்கு இன்று பார்வை கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இத்தனை காலம் அவர் விரலால் அறிந்த பழமும் பெட்டியும் எதிரே இருக்கின்றன. தொடாமல், வெறுமனே பார்த்து, எது உருண்டை, எது பெட்டி என்று அவரால் சொல்ல முடியுமா?

1688-ல் டப்ளின் நகரத்து வில்லியம் மாலினூ என்ற அறிஞர் கேட்ட கேள்வி இது. திருமணமான சில மாதங்களிலேயே அவருடைய மனைவி பார்வையை இழந்துவிட்டார். மாலினூவுக்கு இது வெறும் தத்துவப் புதிராக மட்டும் இருந்திருக்க முடியாது என்றே எனக்குத் தோன்றுகிறது. தத்துவ அறிஞர் ஜான் லாக் இந்தக் கேள்வியைத் தம் நூலின் 1694-ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்த்தார். முடியாது என்பதுதான் இருவருடைய பதிலும். 1728-ல் லண்டன் அறுவை மருத்துவர் செசல்டன், கண்புரை நீக்கப்பட்டுப் பார்வை பெற்ற ஒரு சிறுவனைப் பற்றி எழுதினார். ஆனாலும் வாதம் ஓயவில்லை.

ஓரளவு தெளிவான பதில் டில்லியில் கிடைத்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துப் பேராசிரியர் பவன் சின்ஹா, 'பிரகாஷ்' என்ற திட்டத்தைத் தொடங்கினார். பிறவியிலேயே கண்புரையோடு வளர்ந்து, சிகிச்சை எட்டாமல் போன ஏழைக் குழந்தைகளைத் தேடிப் பிடித்து அறுவைசிகிச்சை செய்வது. பார்வை வந்த பிறகு அவர்கள் உலகைப் பார்க்கக் கற்றுக்கொள்வதை உடனிருந்து கவனிப்பது. சிகிச்சையும் ஆராய்ச்சியும் இப்படி ஒன்றாகச் சேர்ந்ததுதான் இந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது.

8 முதல் 17 வயது வரையிலான ஐந்து பேரை, சிகிச்சை முடிந்து 48 மணி நேரத்துக்குள் சோதித்தார்கள். கட்டிவிளையாடும் கட்டைகளைப் போன்ற சிறு உருவங்கள். ஒன்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பிறகு இரண்டைத் தொட்டு முன்னதைக் கண்டுபிடிக்கச் சொன்னால், 100-க்கு 98 சரி. ஒன்றைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கண்ணாலேயே கண்டுபிடிக்கச் சொன்னால் 92. அதாவது கண் நன்றாகவே வேலை செய்கிறது. தொட்டதைக் கண்ணால் கண்டுபிடிக்கச் சொன்னபோதுதான் எண்ணிக்கை 58-க்கு இறங்கியது. இரண்டில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் காட்டினாலே 50 வந்துவிடுமே! மாலினூவுக்கான பதில், முடியாது என்பதுதான். ஆனால் சில நாட்களிலேயே மறுபடி சோதித்தபோது அந்த எண்ணிக்கை வெகுவாக ஏறியிருந்தது. யாரும் பாடம் நடத்தவில்லை. பார்த்துக்கொண்டே தொட்டுப் புழங்கியது ஒன்றே போதுமானதாக இருந்தது.

இதைவிட என்னை அதிகம் யோசிக்க வைத்தது சின்ஹா குழுவின் வேறொரு சோதனை. பிறவியிலேயே விழிவில்லை இல்லாத 29 வயதுக்காரர் ஒருவர். தகுந்த மூக்குக் கண்ணாடி போட்டதும் அவருக்குப் பார்வை வந்தது. ஒரு சதுரத்தையும் ஒரு வட்டத்தையும் கோடுகளாக வரைந்து, சற்றே ஒன்றன்மேல் ஒன்று படும்படி காட்டினார்கள். எத்தனை உருவம் என்று கேட்டார்கள். நாம் இரண்டு என்போம். அவர் மூன்று என்றார். இரண்டும் கலக்கும் இடத்தில் உண்டாகும் சிறு துண்டு அவருக்குத் தனியொரு பொருள். புகைப்படங்களிலும் இதே கதைதான். நிறமோ வெளிச்சமோ மாறுகிற ஒவ்வொரு பகுதியும் அவருக்கு வேறு வேறு பொருள்.

விழித்திரையில் விழுவது உண்மையில் அப்படிப்பட்ட துண்டுகள்தாம். எந்தத் துண்டு எதோடு சேரும் என்று அங்கே எழுதியிருக்கவில்லை. சேர்த்துத் தைப்பது மூளை. நாம் அந்தத் தையலைக் கைக்குழந்தையாக இருக்கும்போதே பழகி, பழகியதையும் மறந்துவிட்டோம்.

அந்த 29 வயதுக்காரருக்குத் துண்டுகளைச் சேர்த்துக் கொடுத்தது அசைவு. அதே சதுரத்தை நகர்த்திக் காட்டியவுடன் குழப்பம் தீர்ந்தது. சேர்ந்து நகர்வதெல்லாம் ஒரே பொருள் என்று அவர் கண்டுகொண்டார். அசையாத படங்களிலும்கூட, விலங்கு, வாகனம் என்று இயல்பில் நகரக்கூடியவற்றையே அவர் அதிகம் அடையாளம் கண்டார்.

இப்படித் தாமதமாக வரும் பார்வையைப் பற்றி முன்பு வேறொரு எண்ணம் இருந்தது. ஹூபெல், வீசல் என்ற இரு அறிஞர்கள் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணைச் சில மாதங்கள் மூடிவைத்து ஆராய்ந்தார்கள். பின்னால் திறந்துவிட்டபோது மூளையின் பார்வைப் பகுதி அந்தக் கண்ணை ஏறக்குறையப் புறக்கணித்துவிட்டிருந்தது. அவர்களுக்கு 1981-ல் நோபல் பரிசும் கிடைத்தது. மகத்தான ஆராய்ச்சிதான். ஆனால் அதை ஒட்டி, பிறவிக் கண்புரையோடு வளர்ந்துவிட்ட பிள்ளைக்கு இனி அறுவைசிகிச்சை பயன்படாது என்ற எண்ணமும் பரவிவிட்டது. கைக்குழந்தையின் கருமணியில் வெள்ளை தெரிந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. அதில் இரண்டு கருத்தே இல்லை. தாமதமாக வந்த பிள்ளைகளுக்கு நம்மைப் போன்ற கூர்மையான பார்வை வருவதில்லை என்பதும் உண்மை. அதற்காக வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளைகளை நினைத்தால் மனம் ஆறவில்லை.

விழிவில்லை இல்லாமல் பிறந்த அந்த மனிதரை 18 மாதங்கள் கழித்து மறுபடி பார்த்தார்கள். அசையாத படங்களிலும் உருவங்களைப் பிரித்தறிவதில் அவர் நன்றாகவே தேறியிருந்தார். அவருக்குச் செய்யப்பட்ட சிகிச்சை அந்த மூக்குக் கண்ணாடி ஒன்றுதான். அது அவர் கைக்கு வந்து சேர 29 வருடம் ஆகியிருந்தது.