வீட்டு வண்டியில் குளிர்சாதனம்

(மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பழைய பஸ்ஸொன்றை வாங்கி, ஆசனங்களைக் கழற்றிவிட்டு, அதனுள் படுக்கையும் அடுக்களையும் நீர்த்தொட்டியும் அமைத்துக்கொண்டு ஊரூராகச் செல்லும் வழக்கம் அமெரிக்கா முதலிய தேசங்களில் வெகுகாலமாக உண்டு. பள்ளிப் பிள்ளைகளைச் சுமந்து ஓய்ந்த மஞ்சள் நிறப் பஸ்கள் பல அங்கே இவ்வாறு வீடாகி ஓடுகின்றன. நம் தேசத்திலும் இவ்வழக்கம் வேரூன்றி வருகின்றது. கேரள அரசாங்கத்தார் 2021-ஆம் ஆண்டில் காரவான் வண்டிகளுக்கென்றே ஒரு சுற்றுலாத் திட்டம் வகுத்தனர். நம்மவரிலும் பஸ் தொழில் நடத்துவோரும், குடும்பத்தோடு ஸ்தல யாத்திரை போவோரும் இதில் நாட்டங் கொண்டிருக்கின்றனர்.

அவர்கள் முதலிற் கேட்பது, “எத்தனை டன் ஏ.ஸி. போடலாம்?” என்பதே. இக்கேள்விக்கு முன்னும் ஒரு கேள்வி உண்டு. பின்னும் ஒன்று உண்டு. முன்னது, வெயிலின் உஷ்ணம் எவ்வழியே உள்ளே புகுகின்றது என்பது. பின்னது, யந்திரத்தை ஓட்டும் மின்சாரம் எங்கிருந்து வருகின்றது என்பது. முன்னதை மறந்தால் பொருள் நஷ்டம். பின்னதை மறந்தால் உயிர் நஷ்டம். ஆதலின் இம்மூன்றையும் முறையே ஆராய்வோம்.

முதலாவது உஷ்ணம். செங்கற் சுவருள்ள வீடு வேறு. தகட்டாலான பஸ் வேறு. மெல்லிய இரும்புக் கூரை சித்திரை வெயிலில் தோசைக்கல்லாகின்றது. சுற்றிலும் கண்ணாடி ஜன்னல்கள் இருத்தலால், உட்புகுந்த வெயில் வெளியேற வழியின்றி நிற்கின்றது. இந்நிலையில் எவ்வளவு பெரிய யந்திரம் வைப்பினும் அது ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவது போலாகும். கூரையிலும் சுவரிலும் உள்ள இடைவெளியில் உஷ்ணந் தடுக்கும் போம் பலகையை நிரப்புதல், உட்சட்டத்தின் இரும்பு விலா வெளியே தெரியாதவாறு மூடுதல், கூரைக்கு வெள்ளை வர்ணம் பூசுதல், வேண்டாத ஜன்னல்களை அடைத்துவிடுதல், வேண்டியவற்றிற்கு வெயிற் படாதபடி மறைப்பு அமைத்தல் ஆகிய இவையே முதல் வேலை. இவற்றிற்கான செலவு ஒருமுறையே. யந்திரம் தின்னும் மின்சாரச் செலவோ நாள்தோறும் உள்ளது.

இரண்டாவது யந்திரம். ஒரு டன் என்பது மணிக்கு 12,000 பி.டி.யு. உஷ்ணத்தை வெளியேற்றும் சக்தி. பஸ்ஸின் என்ஜினால் ஓடும் ஏ.ஸி. ஒருவகை, வண்டி ஓடும்போது இது மிக நன்று, நிறுத்தியபின் பயன்படாது. கூரையில் துளையிட்டு அதன்மேல் அமர்த்தும் யந்திரம் இரண்டாம் வகை. அமெரிக்க வண்டிகளில் பெரும்பாலும் இதுவே காணப்படும். 14 அங்குலச் சதுரத் துளையும், 13,500 அல்லது 15,000 பி.டி.யு. சக்தியும் அங்கே வழக்கமான அளவுகள். இது இடத்தை அடைக்காது. ஆயினும் சப்தம் மிகுதி, மின்சாரமும் மிகுதி. மூன்றாவது, நம் வீடுகளிற் காணும் ஸ்பிளிட் ஏ.ஸி. இன்வெர்டர் வகையாயின் தொடங்கும்போது திடீரென மின்சாரத்தை இழுக்காது. அறை குளிர்ந்தபின் குறைவாகவே செலவிடும். ஆனால் இது அசையாத சுவருக்கென்று செய்யப்பட்டது. ஓடும் வண்டியின் அதிர்ச்சியில் செம்புக் குழாயின் மூட்டுகள் தளர்ந்து வாயு கசியக் கூடும். ஆதலின் வெளிப்பெட்டியை ரப்பர் மெத்தைமேல் அழுத்தமாகப் பூட்டி, குழாயை வளையமாக விட்டு, நீர் வடியும் குழாய்க்குப் போதிய சாய்வும் தருதல் வேண்டும்.

பெரிதே சிறந்தது என்று எண்ணுதல் கூடாது. அளவுக்கு மிஞ்சிய யந்திரம் விரைவிற் குளிரச் செய்து நின்றுவிடும். காற்றிலுள்ள ஈரத்தை வாங்க அதற்கு நேரமிராது. கடலோர ஊர்களில் அதனால் உடம்பு பிசுபிசுக்கும். படுக்கும் பகுதியை மட்டும் தடுத்துக்கொண்டால், நன்கு காப்பிட்ட வண்டியில் ஒரு டன்னே பெரும்பாலும் இரவுக்குப் போதும்.

மூன்றாவது மின்சாரம். அவ்வொரு டன் இன்வெர்டர் யந்திரம் சராசரி 600 வாட் செலவிடுவதாகக் கொள்வோம். இரவு 8 மணி நேரத்திற்கு 4.8 யூனிட் ஆகும். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி கொண்ட ஈயப் பாட்டரியில் இருப்பது 1.8 யூனிட், அது சீக்கிரங் கெடாதிருக்கப் பாதியையே எடுத்தல் நலம். எனவே ஆறு பாட்டரிகள் வேண்டும். அவற்றின் பாரமோ 300 கிலோவை எட்டும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பாட்டரியாயின் விலை அதிகம். பாரம் மிகக் குறைவு. கூரைமேல் 1 கிலோவாட் சூரியத் தகடு வைத்தால் நல்ல வெயில் நாளில் சுமார் 4 யூனிட் கிடைக்கும். அத்தகடே கூரைக்கு நிழலும் தரும். தங்குமிடத்தில் மின்சார இணைப்பு கிடைப்பின் அதுவே எல்லாவற்றினும் எளிது. குறைந்த வோல்ட்டில் ஆம்பியர் மிகும் என்பதை மறவாது தடித்த கம்பியிட்டு, பாட்டரிக்கு அருகிலேயே பியூஸும் வைத்தல் அவசியம்.

இவற்றிற்கெல்லாம் பணமில்லையென்று பலர் ஜெனரேட்டரை நாடுகின்றனர். நாம் மிக அழுத்திச் சொல்ல விரும்புவது இங்கேதான். 2024-ஆம் ஆண்டு டிசம்பரில் கேரளத்து வடகரையில், சாலையோரம் நிறுத்தியிருந்த ஒரு காரவானுள் இருவர் மாண்டு கிடந்தனர். ஏ.ஸி.க்காக ஓடிய ஜெனரேட்டரின் புகையிலிருந்த கார்பன் மோனாக்ஸைடு உள்ளே பரவியதே காரணமென்று நிபுணர் சோதித்துக் கண்டனர். அவ்விருவரும் உழைத்துக் களைத்து இளைப்பாறப் படுத்தவர்களே.

இவ்வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினைப் பிராணவாயுவைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் வலுவாகப் பற்றிக்கொள்ளும். விழித்திருப்பவனுக்குத் தலைவலியும் மயக்கமும் தோன்றும். உறங்குபவனோ அறியாமலே மாய்வான். ஏ.ஸி. புதுக்காற்றைக் கொணரும் என்று பலர் நம்புகின்றனர். உண்மையில் பெரும்பாலான யந்திரங்கள் உள்ளிருக்கும் காற்றையே சுழற்றிக் குளிர்விப்பன. ஜன்னலை மூடியபின், புகுந்த விஷம் புகுந்தபடியே பெருகும்.

ஆகவே ஜெனரேட்டரையோ என்ஜினையோ ஓடவிட்டு வண்டிக்குள் உறங்குதல் அறவே தகாது. ஜெனரேட்டர் வேண்டுமேயாயின் பகலில் பாட்டரிக்கு ஏற்றிக்கொள்ள மட்டும், வண்டிக்கு வெகு தூரத்தில், புகை அப்பாற் செல்லும் திசையில் வைத்து ஓட்டுக. குழாய்க்கும் கம்பிக்கும் தரையில் இட்ட துளைகளையெல்லாம் அடைத்துவிடுக. கார்பன் மோனாக்ஸைடு எச்சரிக்கைக் கருவியொன்றைப் படுக்கையருகில் பொருத்துக, ஏ.ஸி.யின் விலையோடு ஒப்பிட்டால் அதன் விலை அற்பம். வண்டியின் அமைப்பை மாற்றுமுன், 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை அறிந்து, அதிகாரிகளின் அனுமதியையும் பெற்றுக்கொள்க.

கடைசியாக ஒன்று. இவ்வண்டிகளில் முதலாளிகள் சத்திரத்து அறைக்குச் சென்றபின் உள்ளே படுப்பவர் பெரும்பாலும் டிரைவரும் உதவியாளுமே. பஸ் வைத்திருக்கும் நம் அன்பர்கள் தங்கள் வீட்டுப் பிள்ளைகள் அதனுள் உறங்குவதாக எண்ணி ஒவ்வொரு துளையையும் ஒருமுறை நேரிற் பார்த்து அடைப்பார்களாக என்று கேட்டுக்கொள்கின்றோம்.