வெள்ளெழுத்தும் வெட்கமும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் தலைமை இமாம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ஆண்டறிக்கை வாசிக்கப்பட்டது, வரவு செலவுக் கணக்கும் உங்கள் முன் வைக்கப்பட்டது. பணத்திற்கு ஆண்டுதோறும் கணக்குப் பார்க்கும் நாம், நம் வயதிற்கும் கல்விக்கும் ஒருமுறை கணக்குப் பார்த்தல் நலம். அதனை நம்மிடமிருந்தே தொடங்குகிறோம்.

நாம் நாற்பதைக் கடந்து சில ஆண்டுகளாகின்றன. ஒருநாள் மாலை வகுப்பில் கிதாபை விரித்தபோது, பக்க ஓரத்தில் பொடி எழுத்தில் அச்சாகியிருந்த விளக்கக் குறிப்புகள் கலங்கித் தெரிந்தன. வெளிச்சம் போதவில்லை என்று கருதி விளக்கை மாற்றினோம். அச்சின் மீது பழி போட்டோம். கிதாபைக் கையெட்டும் தூரத்திற்குத் தள்ளிப் பிடித்தோம். இறுதியில், "எங்கே, இந்த இடத்தை நீர் வாசியும்" என்று ஒரு மாணவரிடம் நீட்டினோம். ஹழ்ரத் அவரைச் சோதிக்கிறார் என்று வகுப்பு எண்ணியது. உண்மையில் நாம் நமது குறையை மறைத்துக் கொண்டிருந்தோம். இவ்வாறே பல மாதங்கள் கழிந்தன.

நம் முன்னோர் இதற்கு வெள்ளெழுத்து என்று பெயரிட்டனர். வயது ஏற ஏறக் கண்ணினுள் உள்ள வில்லை நெகிழ்ச்சியை இழக்கிறது. அதனால் அருகிலுள்ள எழுத்து தெளிவாகப் படுவதில்லை. நாற்பதையொட்டி ஏறத்தாழ எல்லோருக்கும் வருவது. ஒரு மூக்குக் கண்ணாடியால் தீர்வது. ஒருநாள் அந்த மாணவரே தயங்கியபடி வந்து, "ஹழ்ரத், எங்கள் அத்தாவும் இப்படித்தான் தள்ளிப் பிடித்து வாசிப்பார்கள். கண்ணாடி அணிந்த பிறகு சிரமமில்லை" என்றார். நாம் மறைத்தது எதுவும் மறைந்திருக்கவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது.

நமக்கு இழப்பு சில மாத வாசிப்பு மட்டுமே. நம் மஹல்லாப் பெரியவர் ஒருவருக்கு நேர்ந்ததோ வேறு. அவரது அனுமதியுடன், பெயரின்றிச் சொல்கிறோம். வங்கியிலிருந்து பேசுவதாகச் சொன்ன ஒருவன் கேட்டபடி, கைப்பேசிக்கு வந்த ஓ.டி.பி. எண்ணைச் சொல்லிவிட்டார். சேமிப்புப் பறிபோனது. நான்கு நாட்கள் வீட்டில் ஒருவரிடமும் அவர் வாய் திறக்கவில்லை. ஐந்தாம் நாள் ஸுப்ஹுத் தொழுகைக்குப் பின் நம் கையைப் பற்றிக்கொண்டு அழுதார். "போன் வாங்கித் தந்த மகனிடம் ஒருமுறை விளக்கம் கேட்டேன்; சலித்துக்கொண்டான். அதற்குப் பிறகு கேட்கவில்லை" என்றார்.

இத்தகைய மோசடி நேர்ந்தால் உடனே அழைப்பதற்கு 1930 என்ற எண் இருக்கிறது. தாமதமின்றிப் புகார் செய்தால் பணத்தை முடக்கி மீட்க வாய்ப்புண்டு. அந்த நான்கு நாட்களை அவரிடமிருந்து பறித்தது முதுமையன்று, வெட்கம். அந்த வெட்கத்தை விதைத்ததோ மகனின் சலிப்பு.

சகோதரர்களே! வயதும் உடற்குறையும் கல்விக்குத் தடையென்றால், மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனை தோன்றியிருக்காது. எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரத்தில் 1918இல் பிறந்த மருத்துவர் கோ. வெங்கடசாமி, மகப்பேறு மருத்துவராக விரும்பியவர். முப்பது வயதளவில் கடும் முடக்குவாதம் அவரைப் படுக்கையில் கிடத்தியது, விரல்கள் கோணிப்போயின. அவர் கண் மருத்துவத்தைப் புதிதாகக் கற்றார். கோணிய விரல்களால் கத்தியைப் பிடிக்கப் பழகி, இலட்சத்திற்கும் மேற்பட்ட கண் அறுவைச் சிகிச்சைகள் செய்தார். அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பின், 1976இல், தமது 58ஆம் வயதில், 11 படுக்கைகளுடன் அம்மருத்துவமனையைத் தொடங்கினார். அவர் 2006இல் மறைந்தார். அவர் தொடங்கிய பணி இன்றும் தொடர்கிறது.

நமது ஷாபிஈ மத்ஹபின் பெரும் சட்ட அறிஞர் கஃப்பால் மர்வஸீ அவர்கள் பூட்டுச் செய்யும் தொழிலாளி. அதனாலேயே அப்பெயர் பெற்றார்கள். முப்பது வயதளவில்தான் கல்வி கற்கத் தொடங்கினார்கள் என வரலாற்று நூல்கள் கூறுகின்றன. தம்மைவிட இளையோருடன் ஆரம்பப் பாடத்திற்கு அமர்ந்தபோது, அவர்களுக்கும் கூச்சம் இருந்திருக்கக்கூடும். அதற்காக எழுந்து போய்விடவில்லை.

ஆகவே இம்மன்றத்தில் ஒரு வேண்டுகோள் வைக்கிறோம். ஞாயிறுதோறும் அஸருக்குப் பின் மதரஸா திண்ணையில், நம் மூத்த மாணவர்கள் பெரியவர்களுக்குக் கைப்பேசியும் வங்கி அட்டையும் பயன்படுத்தக் கற்றுத் தரட்டும். இளைஞர்களே! பத்தாம் முறை கேட்டாலும் முதன்முறை கேட்டதைப் போல் விடை கூறுங்கள். உங்களுக்கு அலிஃப் சொல்லித் தந்தபோது அவர்கள் எத்தனை முறை என்று எண்ணியதில்லை. பெரியோர்களே! தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். அதனால் உங்கள் கண்ணியம் குறையாது.

முதல் ஞாயிறன்று நாமும் மாணவராகவே அத்திண்ணையில் அமர்வோம். பணம் அனுப்பும் முறை நமக்கும் இன்னும் சரியாகத் தெரியாது. இவ்வுரையையும் கண்ணாடி அணிந்தே வாசித்தோம் என்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள்.

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் பயனுள்ள கல்வியையும், அதனைக் கேட்டுப் பெறும் துணிவையும், பொறுமையுடன் சொல்லித் தரும் மனத்தையும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.