மரத்துக்கு எத்தனை யூனிட் மண்?



2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தது. மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டிய காற்று அது. மறுநாள் காலையில் கதவைத் திறந்தவர்களுக்குத் தெரு தெரியவில்லை, மரங்கள்தான் தெரிந்தன. தூங்குமூஞ்சி, குல்மொஹர், மஞ்சள் பூப் பூக்கும் இயல்வாகை என்று ஆயிரக்கணக்கில் சாய்ந்து கிடந்தன. வேம்பும் புங்கமும் ஓரளவு தாக்குப்பிடித்தன. மின்சாரம் திரும்பி வருவதற்குள் ஊர் ஒரு தீர்ப்பு எழுதிவிட்டது: வெளிநாட்டு மரம், அதனால் விழுந்தது.

தீர்ப்பில் பாதி உண்மைதான். குல்மொஹர் மடகாஸ்கரிலிருந்து வந்தது. அதன் கட்டை எளிதில் முறியும். தூங்குமூஞ்சி அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதியைச் சேர்ந்தது. அகலமாகப் படரும் அதன் தலையில் காற்று மோதும் பரப்பு அதிகம். மீதிப் பாதி உண்மை, புரண்டு கிடந்த மரங்களின் அடியில் இருந்தது. ஒரு பக்கம் நடைபாதையின் விளிம்புக்கல். மறுபக்கம் மழைநீர் வடிகாலுக்கோ கேபிளுக்கோ தோண்டிய பள்ளத்தில் கத்தரித்தாற்போல் வெட்டுப்பட்ட வேர். மேலே தண்டை ஒட்டிப் பதித்த பேவர் பிளாக். மரத்தின் வேர்களில் பெரும்பங்கு மேல்மண்ணில், ஒரு மீட்டர் ஆழத்துக்குள்ளேயே, கிளைகளைத் தாண்டி வெளியே பரவுகின்றன. அந்தப் பரப்பைச் சிமென்ட்டால் மூடிவிட்டு, ஆணிவேர் காப்பாற்றும் என்று நம்பியிருந்தோம்.

இதே தூங்குமூஞ்சி மரம்தான் சிங்கப்பூரில் சாங்கி விமான நிலையத்திலிருந்து நகருக்குள் வரும் ஈஸ்ட் கோஸ்ட் பார்க்வே சாலையின் இருமருங்கும் பந்தலிட்டு நிற்கிறது. சிங்கப்பூரில் புயல் அடிப்பதில்லையே என்று யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்வி. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் அங்கே வர்தாக்கள் வருவதில்லை. ஆனால் சுமத்ரா பக்கமிருந்து இடியோடு கிளம்பும் சூறைக்காற்று அங்கும் மரங்களைத் தள்ளுகிறது. வேறுபாடு காற்றில் மட்டும் இல்லை.

1963 ஜூன் 16 அன்று சிங்கப்பூரின் அன்றைய பிரதமர் லீ குவான் இயூ ஃபாரர் சர்க்கஸ் என்ற இடத்தில் ஒரு மெம்பாட் கன்றை நட்டார். மண்வெட்டியோடு ஒரு படம், மறுநாள் செய்தித்தாளில் செய்தி என்று முடிந்திருந்தால் அது நம் ஊர் விழாவாக இருந்திருக்கும். 1967-இல் 'தோட்ட நகரம்' என்பது அரசின் கொள்கையானது. 1975-இல் பூங்காக்கள், மரங்களுக்கென்று ஒரு சட்டம் வந்தது. சாலை போடுபவரும் கார் நிறுத்துமிடம் கட்டுபவரும் அடுக்குமாடி எழுப்புபவரும் மரத்துக்கு இடம் ஒதுக்கியாக வேண்டும் என்றாயிற்று. மரப் பாதுகாப்புப் பகுதிகளிலும் காலி மனைகளிலும் அடிமரத்தின் சுற்றளவு 1 மீட்டரைத் தாண்டிவிட்டால் அனுமதியின்றி வெட்ட முடியாது. ஐந்து சாலைகளை மரபுச் சாலைகளாக அறிவித்து, ஓரத்துப் பசுமையோடு சேர்த்துக் காக்கிறார்கள். மரத்தின் இடம் சாலையின் வரைபடத்திலேயே முதலில் குறிக்கப்படுகிறது. மிச்சமிருக்கும் இடத்தில் மரம் என்பது நம் வழக்கம்.

இடம் என்றால் எவ்வளவு? நல்ல நகரங்கள் இதற்குக் கன அளவில் பதில் சொல்கின்றன. கனடாவின் டொராண்டோ, ஒரு பெரிய மரத்துக்கு 30 கன மீட்டர் மண் வேண்டும் என்று விதித்திருக்கிறது. வீடு கட்டியவர்களுக்குப் புரியும் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ பத்தரை யூனிட் மண். நம் நாட்டில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல், டெல்லி மரங்களைப் பற்றிய வழக்கில், தண்டைச் சுற்றி 1 மீட்டர் தூரத்துக்குச் சிமென்ட் இருக்கக் கூடாது, இருப்பதை உடைத்தெடுங்கள் என்று ஆணையிட்டது. நல்ல ஆணை. ஆனாலும் ஒரு மீட்டர் ஆழம் என்று வைத்துக்கொண்டால் அது ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். அந்த ஒரு யூனிட்டாவது கிடைத்திருக்கும் மரம் உங்கள் தெருவில் எத்தனை என்று, வீட்டுக்குத் திரும்பும் வழியில் பாருங்கள். கன்றைச் சுற்றி வைத்த இரும்புக் கூண்டை யாரும் கழற்றாமல், கம்பி தண்டுக்குள் புதைந்து கிடக்கும் மரங்களும் கண்ணில் படும்.

இனி சென்டர் மீடியன். நெடுஞ்சாலை நடுவில் ஏன் அரளியாகவே வைக்கிறார்கள் என்று பலர் கேட்பதுண்டு. தண்ணீர் குறைவாகக் கேட்கும், வெயில் தாங்கும், நச்சுச்செடி என்பதால் ஆடு மாடு வாய் வைக்காது, எதிரே வரும் வண்டியின் முகப்பு விளக்கு நம் கண்ணில் அடிக்காமல் மறைக்கும். நாலு காரணமும் காரியக் காரணம். அழகு ஐந்தாவது. நகரத்துக்குள் வந்ததும் இந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது. ஓர் அடி அகலத் தொட்டியில் அலங்காரச் செடியும் கொரியன் புல்லும் வைக்கிறோம். அதை உயிரோடு வைத்திருக்கத் தண்ணீர் லாரி வேகப்பாதையில் நின்று போக்குவரத்தை அடைக்கிறது, குழாயைப் பிடித்த தொழிலாளி பேருந்துக்கும் மீடியனுக்கும் நடுவே நிற்கிறார். யூ-டர்ன் எடுக்கும் இடத்தில் செடி ஆள் உயரத்துக்கு வளர்ந்து எதிர்வண்டியை மறைக்கிறது. அங்கே செடி முழங்காலுக்கு மேல் போகக் கூடாது என்ற ஒரு வரி ஒப்பந்தத்தில் இருந்தால் சில உயிர்கள் மிஞ்சும்.

எதை நடுவது என்பதிலும் விதி வேண்டும். கோனோகார்ப்பஸ் என்ற மரம் நல்ல உதாரணம். வேகமாக வளரும், எப்போதும் பச்சையாக இருக்கும், சொன்ன வடிவத்துக்கு வெட்டலாம். ஒப்பந்ததாரருக்கு இதைவிட வசதியான மரம் கிடையாது. அதன் மகரந்தமும் குழாய்களைத் துளைக்கும் வேரும் புகார்களைக் கிளப்பியபின், 2023-இல் குஜராத் அதை நடுவதைத் தடை செய்தது. பின்னர் தமிழ்நாடும் அதே முடிவுக்கு வந்தது. நட்டபின் தடை செய்வதைவிட, நடத்தக்க மரங்களின் பட்டியலை முன்பே வைத்திருப்பது மலிவு.

இது இலக்கியமும் பேசும் மேடை என்பதால் ஒன்றை நினைவூட்டலாம். சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை' 1966-இல் வந்தது. நகராட்சி அரசியலும் கடைக்காரர்களின் போட்டியும் சேர்ந்து நாற்சந்திப் புளியமரம் ஒன்றைச் சாகடிப்பதுதான் கதை. அதற்குள் இன்னொரு பகுதி உண்டு. நன்றாக வளர்ந்திருந்த காற்றாடி மரத் தோப்பை அழித்துவிட்டு அங்கே பூங்கா அமைக்கிறார்கள். நிழலை வெட்டிவிட்டுச் செடி வைக்கும் அந்த வேலையை, நம் நகரங்கள் பல இன்று 'அழகுபடுத்துதல்' என்ற கணக்குத் தலைப்பில் செய்துகொண்டிருக்கின்றன.

அந்தப் பழைய காலத்திலும் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. நெடுஞ்சாலைத் துறையின் புளியமரங்களுக்கு எண் உண்டு. தண்டில் வண்ணம் அடித்து எண் எழுதியிருப்பார்கள். காய்ப்பை ஏலம் விட்டார்கள் என்பதால் கணக்கு வைத்தார்கள். காசு வந்ததால் மரத்துக்கு ஒரு பதிவேடு இருந்தது. நகரத்து நிழலுக்கு ஏலம் இல்லை. ஆகவே எந்த மரம் எப்போது காணாமல் போயிற்று என்று சொல்ல ஆள் இல்லை. சிங்கப்பூரில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்களை ஒவ்வொன்றாகக் காட்டும் இணைய வரைபடம் 2018-இலேயே பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது.

நடைபாதையில் மரத்தோடு இடத்துக்குச் சண்டை போடுபவை வேறு பல. மின்வாரியத்தின் பில்லர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபார்மர், குப்பைத் தொட்டி, பெயர்ப் பலகை, கட்சிக் கொடிக்கம்பம், எஃகுத் தடுப்புத் தூண். இந்தியச் சாலைப் பேரவையின் 2012-ஆம் ஆண்டு வழிகாட்டி, எந்தத் தடையும் இல்லாமல் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் நடப்பதற்கு வேண்டும் என்கிறது. நடைபாதை சாலையிலிருந்து 15 சென்டிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது என்றும் சொல்கிறது. நம் பிளாட்பாரங்களில் ஏற மூட்டு நல்லபடியாக இருக்க வேண்டும். பைக் ஏறாமலிருக்க நட்ட தடுப்புத் தூண்களுக்கு இடையே 90 சென்டிமீட்டர் கூட விடாததால், சக்கர நாற்காலிக்காரர் சாலையில் இறங்கிப் போகிறார். பைக் எப்படியோ ஏறிவிடுகிறது.

சிங்கப்பூரின் லிம் சூ காங் சாலையில் ஒரு பகுதி, விமானப்படைப் பயிற்சியின்போது 2,500 மீட்டர் ஓடுபாதையாக மாறும். விளக்குக் கம்பம், பேருந்து நிறுத்தம், அறிவிப்புப் பலகை எல்லாவற்றையும் கழற்றி, பயிற்சி முடிந்ததும் திரும்ப மாட்டிவிடுகிறார்கள். போர் விமானம் நமக்கு வேண்டாம். எது எங்கே நிற்கிறது என்ற கணக்கு போதும்.

சென்னையிலேயே முடியும் என்பதற்குச் சான்று இருக்கிறது. 2014-இல் மாநகராட்சி மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கான கொள்கையை ஏற்றது. 2019 நவம்பரில் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை திறக்கப்பட்டது. துணிக்கடைப் பைகளோடு குடும்பங்கள் அங்கே உட்கார்ந்திருப்பதை யாரும் பார்க்கலாம். ஆனால் அதற்குச் சற்று உள்ளே, பக்கத்துத் தெருக்களில், பழைய நிலைமைதான். ஒரு தெருவைக் காட்சிக்குச் செய்வது திட்டம். எல்லாத் தெருவுக்கும் பொருந்துவதே விதி. நமக்கு முதலாவது வாய்த்திருக்கிறது.

விதி எழுதும்போது ஒருவரை மறக்கக் கூடாது. தெரு மரத்தடியில் இஸ்திரி வண்டி நிற்கிறது, செருப்புத் தைப்பவர் உட்கார்கிறார், இளநீர் குவிந்திருக்கிறது. 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் அவர்கள் பிழைப்பைக் காக்க வந்தது. மரத்தைச் சுற்றிக் கூரான கம்பிவேலி போட்டு அவர்களை விரட்டும் வடிவமைப்பு எந்தப் பரிசு வாங்கினாலும் மோசமான வடிவமைப்புதான்.

நண்பர்களே, உங்கள் வார்டில் பகுதி சபை கூடும். அதற்கான விதிகள் தமிழ்நாட்டில் 2022-இலேயே வந்துவிட்டன. அங்கே போய் மரக்கன்று கேட்காதீர்கள். கன்று தாராளமாகக் கிடைக்கும். அடுத்து போடப்போகும் சாலையின் குறுக்குவெட்டு வரைபடத்தைக் கேளுங்கள். அதில் மரக்குழியின் நீளம், அகலம், ஆழம் எழுதியிருக்கிறதா, வடிகால் வேரிலிருந்து எவ்வளவு தள்ளிப் போகிறது, தடையின்றி நடக்க 1.8 மீட்டர் எங்கே என்று விரலை வைத்துக் கேளுங்கள். வரைபடம் இல்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதில் தர அவர்களுக்குக் கெடு 30 நாள்.