கைது பறக்கிறது, விடுதலை நடந்து வருகிறது

(சட்ட விழிப்புணர்வுக் கூட்டத்தில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வாரத்தில் ஒரு நாள்தான் உங்களுக்கு ஓய்வு. அதையும் விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன். இன்று நான் பேசப் போவது கம்ப்யூட்டரைப் பற்றி. "வக்கீல் வந்து கம்ப்யூட்டர் பாடம் நடத்துகிறாரே" என்று சிரிக்காதீர்கள். உங்கள் மகனைப் போலிஸ் பிடித்துக்கொண்டு போனால் அவன் எங்கே இருக்கிறான், எத்தனை நாள் உள்ளே இருப்பான், எப்போது வெளியே வருவான் என்பதெல்லாம் இப்போது கம்ப்யூட்டரில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் பொறுத்திருக்கிறது.

ஓர் ஆளைப் பிடித்தால் என்ன நடக்கிறது? போலிஸ் நிலையத்தில் ஒரு பதிவு. புலன் விசாரணை அதிகாரியின் டைரியில் ஒரு பதிவு. மறுநாள் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் ஒரு பதிவு. வழக்கு என்று வந்தால் அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் ஒரு கோப்பு. சிறைக்குப் போனால் அங்கே ஒரு பேரேடு. உடம்புக்கு முடியாமல் போனால் மருத்துவமனையில் ஓர் அட்டை. இவை அனைத்துக்கும் அடியில் தேசியப் பதிவு இலாகாவின் ஐ.சி. எண். ஆள் ஒருவன்தான். ஆனால் அவனைப் பற்றிய கணக்கு ஆறு ஏழு இடத்தில் கிடக்கிறது. ஒரு கணக்குக்கும் இன்னொரு கணக்குக்கும் பேச்சுவார்த்தை இருக்கிறதா? அதுதான் கேள்வி.

இந்தப் பதிவுகளை ஒன்றோடு ஒன்று இணைப்பது உலகம் முழுவதும் நடந்து வருகிறது. அமெரிக்காவில் 1967-லேயே எஃப்.பி.ஐ. தேசியக் குற்றத் தகவல் மையத்தைத் தொடங்கிவிட்டது. நம் நாட்டில் கூட்டரசு இலாகாக்கள் தங்களுக்குள் தகவல் பகிர்ந்துகொள்வதற்கான தரவுப் பகிர்வுச் சட்டம் 2025 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. இணைப்பு வரட்டும், வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். எதை இணைக்கிறார்கள், யாருக்காக இணைக்கிறார்கள் என்று மட்டும் கேட்பேன். நீங்களும் கேட்க வேண்டும்.

தகவல் போகாததால் வரும் கேடு

2021 ஜூலையில் இந்தியாவில் நடந்ததைச் சொல்கிறேன். ஆக்ரா மத்தியச் சிறையில் 13 கைதிகள். உச்ச நீதிமன்றம் ஜூலை 8-ஆம் தேதி அவர்களுக்கு ஜாமீன் கொடுத்துவிட்டது. ஆனால் கதவு திறக்கவில்லை. உத்தரவின் அசல் தாள் தபாலில் வந்து சேரவில்லை என்பதே சிறை நிர்வாகம் சொன்ன காரணம். நாலு நாள் கழித்துத்தான் விட்டார்கள். செய்தியைப் பார்த்துத் தலைமை நீதிபதி இரமணா தாமாகவே வழக்கை எடுத்தார். 2022 மார்ச் 31-ஆம் தேதி, நீதிமன்ற உத்தரவை மின்னணு முறையில் உடனே சிறைக்கு அனுப்பும் 'ஃபாஸ்டர்' என்ற முறை தொடங்கப்பட்டது. பாருங்கள், நாட்டின் மிகப் பெரிய நீதிமன்றமே விடுதலை என்று சொன்ன பிறகும், ஒரு தாளுக்காக மனிதன் சிறையில் காத்திருந்தான்.

அமெரிக்காவில் நடந்தது இதற்கு நேர்மாறானது. 1991-இல் அரிசோனா மாநிலத்தின் பீனிக்ஸ் நகரில் போலிஸ் ஒருவரை நிறுத்துகிறது. கம்ப்யூட்டரைத் தட்டினால் அவர் பேரில் வாரண்ட் இருப்பதாகக் காட்டுகிறது. கைது செய்கிறார்கள், வண்டியைச் சோதனை போடுகிறார்கள், கஞ்சா கிடைக்கிறது. உண்மை என்ன? அந்த வாரண்டை நீதிமன்றம் 17 நாளுக்கு முன்பே ரத்து செய்துவிட்டது! ரத்தான செய்தி கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேரவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1995-இல் தீர்ப்பு வந்தது. தவறு நீதிமன்ற குமாஸ்தாவுடையது, போலிஸ்காரர் கம்ப்யூட்டரை நம்பித்தான் நடந்தார், ஆகவே கிடைத்த பொருளைச் சாட்சியமாக வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். கம்ப்யூட்டர் தவறு செய்தால் தண்டனை யாருக்கு? கம்ப்யூட்டரில் பெயர் இருப்பவனுக்கு!

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை புரியும். கைதுக்கான தகவல் பறந்து போகிறது. விடுதலைக்கான தகவல் நடந்து வருகிறது.

நம் வீட்டுக் கதை

நம் நாட்டுக்கு வருவோம். அரசியலமைப்புச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு, கைது செய்தவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது. அதற்கு மேல் வைக்க வேண்டுமானால் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 117-ஆவது பிரிவு. 14 ஆண்டுக்கும் குறைவான தண்டனையுள்ள குற்றம் என்றால் முதலில் 4 நாள், அப்புறம் 3 நாள். அதைவிடப் பெரிய குற்றம் என்றால் 7 நாள், இன்னொரு 7 நாள். அவ்வளவுதான்.

ஆனால் நடப்பது என்ன? ஏழாம் நாள் பையன் வெளியே வருகிறான். தாய் வாசலில் நிற்கிறாள். கையைப் பிடிப்பதற்குள் வேறொரு மாவட்டத்துப் போலிஸ் வந்து வேறொரு புகாருக்காக அவனை ஏற்றிக்கொண்டு போகிறது. அங்கே புது மாஜிஸ்திரேட், புது டைரி, மறுபடியும் முதல் நாள் என்று கணக்கு. அது முடிந்தால் இன்னொரு மாவட்டம். இதைத்தான் சங்கிலித் தடுப்புக் காவல் என்கிறோம். இந்தச் சங்கிலியில் மாட்டியவர்களின் வீடுகள் இந்த மண்டபத்திலும் இருக்கும். கையை உயர்த்தச் சொல்ல மாட்டேன்.

மூன்றாவது மாஜிஸ்திரேட்டின் முன் அந்தப் பையன் நிற்கும்போது, "இவன் ஏற்கெனவே 14 நாள் உள்ளே இருந்தவன்" என்று அவருக்கு யார் சொல்வது? போலிஸ் கொண்டு வரும் டைரி அந்த ஒரு புகாருக்கானது. பையனுக்குப் பேசப் பயம். வக்கீல் வைக்க வசதியில்லை. பதிவுகளை இணைத்தால், அந்த ஒரு வரி மாஜிஸ்திரேட்டின் திரையில் தானாக வந்து நிற்கும். இதற்காகத்தான் எனக்கு இணைப்பு வேண்டும்.

2017 பிப்ரவரியில் கிள்ளானில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பாலமுருகனை நீதிமன்றத்துக்குக் கொண்டு வந்தபோது அவருடைய உடல்நிலையைப் பார்த்த மாஜிஸ்திரேட் தடுப்புக் காவலுக்கு அனுமதி தரவில்லை. மருத்துவமனைக்குக் கொண்டு போகச் சொன்னார். அன்று இரவே அவர் வட கிள்ளான் போலிஸ் தலைமையகத்தில் இறந்தார். நீதிமன்றம் சொன்னது ஒன்று, நடந்தது ஒன்று. அந்த உத்தரவு அதே நிமிடத்தில் மருத்துவமனைக்கும், மேலதிகாரிக்கும், குடும்பத்துக்கும் போயிருந்தால் "ஏன் இன்னும் வரவில்லை" என்று கேட்க மூன்று பேர் இருந்திருப்பார்கள். கம்ப்யூட்டர் உயிரைக் காப்பாற்றும் என்று நான் சொல்லவில்லை. 2009 ஜனவரியில் குகன் சுபாங் ஜெயாவில் போலிஸ் காவலில் இறந்ததற்குக் காரணம் தகவல் குறைவா? இல்லை. அடிக்கிற கையைக் கம்ப்யூட்டர் நிறுத்தாது. ஆனால் யார் கையில், எத்தனை மணிக்கு, எந்த நிலையில் ஒப்படைக்கப்பட்டார் என்ற அழிக்க முடியாத பதிவு இருந்தால், பின்னால் பொய் சொல்வது கடினமாகும்.

பெயரும் எண்ணும்

இனி ஆபத்தைச் சொல்கிறேன். கம்ப்யூட்டர் ஆளைப் பார்ப்பதில்லை. பெயரின் எழுத்தையும் எண்ணையும் பார்க்கிறது. நம் பெயர்களின் கதை உங்களுக்குத் தெரியும். தோட்டத்துக் கிராணி காதில் விழுந்தபடி எழுதியது பிறப்புப் பத்திரத்தில் ஒன்று, பள்ளியில் ஒன்று, ஐ.சி.யில் ஒன்று. முனுசாமி, மூனுசாமி, முனிசாமி மூவரும் ஒரே ஆள். அதே சமயம் முருகன் த/பெ சுப்பிரமணியம் என்று தேடினால் எத்தனை பேர் வருவார்கள்! ஒருவனை இரண்டு பேராகவும், இரண்டு பேரை ஒருவனாகவும் காட்டக்கூடிய பெயர்கள் நம்முடையவை.

எண்ணாவது இருக்கிறதா? நீல ஐ.சி. இல்லாமல் சிவப்பு அட்டையோடும், பச்சை அட்டையோடும், எந்த அட்டையும் இல்லாமலும் இந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஐ.சி. எண்ணைச் சாவியாக வைத்துப் பூட்டுச் செய்தால், சாவி இல்லாதவன் எந்தப் பதிவிலும் வர மாட்டான். அவன் லாக்காப்பில் இருப்பதையே குடும்பம் கண்டுபிடிக்க முடியாமல் போகும்.

இன்னொன்று. 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கடைக்காரனும் வங்கியும் உங்கள் விவரத்தைத் தவறாகப் பயன்படுத்தினால் அந்தச் சட்டம் பாயும். ஆனால் அதன் 3-ஆவது பிரிவைப் படியுங்கள். கூட்டரசு அரசாங்கத்துக்கும் மாநில அரசாங்கத்துக்கும் அது பொருந்தாது! உங்களைப் பற்றி மிக அதிகமாகத் தெரிந்து வைத்திருப்பவர் யாரோ, அவருக்கு அந்தச் சட்டத்தில் விலக்கு.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை இவை:

1. கைதான நேரம், இடம், மாற்றப்பட்ட நிலையம் எல்லாம் ஒரே பதிவில் இருக்க வேண்டும். எந்தப் போலிஸ் நிலையத்தில் கேட்டாலும் குடும்பத்துக்குப் பதில் கிடைக்க வேண்டும்.
2. ஜாமீன், விடுதலை, வாரண்ட் ரத்து ஆகிய உத்தரவுகள் அதே நாளில் போலிசுக்கும் சிறைக்கும் போக வேண்டும்.
3. தடுப்புக் காவல் கேட்கும்போது, ஏற்கெனவே எத்தனை நாள் வைத்திருந்தார்கள் என்பது மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிய வேண்டும்.
4. பெயர் ஒற்றுமையை மட்டும் வைத்துக் கைது கூடாது. அடையாள ஆவணம் இல்லாதவருக்கும் தனிப் பதிவு எண் வேண்டும்.
5. நம்மைப் பற்றிய பதிவை நாம் பார்க்கவும் திருத்தவும் உரிமை வேண்டும். அதை யார் யார் திறந்து பார்த்தார்கள் என்ற கணக்கும் வேண்டும்.

இன்றைக்கே செய்யக்கூடியது

இதெல்லாம் வரும்வரை சும்மா இருக்க முடியாது. வீட்டில் ஒரு கோப்பு வையுங்கள். பிள்ளைகளின் ஐ.சி. நகல், பிறப்புப் பத்திர நகல் அதில் இருக்கட்டும். அபராதம் கட்டிய ரசீது, ஜாமீன் ரசீது, நீதிமன்றத் தாள் எதையும் தூக்கிப் போடாதீர்கள். வாரண்ட் ரத்தானால் அந்த உத்தரவின் நகலைக் கேட்டு வாங்குங்கள். லோரி ஓட்டுபவர், மோட்டாரில் வேலைக்குப் போகிறவர் அதைக் கூடவே வைத்திருங்கள்.

வழக்கு முடிந்தால் எப்படி முடிந்தது என்று கேளுங்கள். முழு விடுதலை வேறு, வழக்கிலிருந்து இப்போதைக்கு விடுவிப்பது வேறு. இரண்டாவது வகையில் அதே குற்றச்சாட்டை மறுபடியும் கொண்டு வரலாம். "விட்டுட்டாங்க" என்று வீட்டுக்கு வந்துவிடுகிறோம். தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதில்லை.

யாராவது கைதானால், 28A பிரிவை நினைவில் வையுங்கள். விசாரணைக்கு முன் உறவினருக்கும் வக்கீலுக்கும் தகவல் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. அதை மறுக்க வேண்டுமானால் உயர் அதிகாரி ஒருவர் காரணத்தோடு முடிவு செய்ய வேண்டும். விசாரணை அதிகாரியின் பெயர், புகார் எண், தேதி, நேரம் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். எத்தனை நாள், எந்த நிலையம் என்று நாள்காட்டியில் குறியுங்கள். அடுத்த மாவட்டத்து மாஜிஸ்திரேட்டிடம் வக்கீல் காட்டப் போவது அந்த நாள்காட்டிக் கணக்கைத்தான். வசதியில்லை என்றால், 2012 முதல் இயங்கும் தேசிய சட்ட உதவி அறவாரியம் குடிமக்களுக்குக் கைது, தடுப்புக் காவல் கட்டத்திலேயே வக்கீல் தருகிறது. கேளுங்கள்.

நீங்களே புகார் கொடுத்து நடவடிக்கை இல்லையா? வாரண்ட் இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றம் என்றால், நாலு வாரம் கழித்து 107A பிரிவின் கீழ் எழுத்து மூலம் நிலவரம் கேளுங்கள். அவர்கள் இரண்டு வாரத்துக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் அரசு வழக்கறிஞருக்கு எழுதலாம்.

அரசாங்கத்தின் பதிவு ஒரு பக்கம் இருக்கட்டும். அதைச் சரிபார்க்க நம்மிடமும் ஒரு பதிவு இருக்க வேண்டும். இன்று வீட்டுக்குப் போனதும் அந்தக் கோப்பைத் தொடங்குங்கள். பக்கத்து வீட்டுக்கும் சொல்லுங்கள்.