பாட்டியாரின் பெருவிரல் ரேகை
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



குடும்ப வரலாறு என்பது அரசர்க்கும் செல்வர்க்குமே உரியது என்று நம்மில் பலர் எண்ணுகின்றோம். உழைத்து உண்டவர்க்கும் வரலாறு உண்டு. எங்கள் பாட்டனார், பாட்டியார் இருவரின் அடிச்சுவட்டைத் தேடிச் சென்று நாங்கள் அறிந்ததை இந்நன்னாளில் உங்கள்முன் வைக்கின்றோம்.

வட ஆர்க்காட்டில், குடியாத்தத்தை அடுத்த சிற்றூர் அவர்களுடைய ஊர். மழை பொய்த்தது, கடன் பெருகிற்று. கோலார் தங்கவயலில் ஜான் டெய்லர் கம்பெனியார் 1880 முதல் சுரங்கம் நடத்தி வந்தனர். பவுரிங்பேட்டையிலிருந்து மாரிக்குப்பத்திற்கு 1894-இல் கிளை இரயில் வந்தது. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரமும் வந்தது. நம்மவர் கூட்டங்கூட்டமாகப் பிழைப்புத் தேடிச் சென்றனர். 1910-ஐ ஒட்டி எங்கள் முன்னோரும் சென்றனர். பாட்டனார் நிலத்தடியில் பாறை துளைத்தார். பாட்டியார் மேலே, வெயிலில், கல் தரம் பிரித்தார்.

1930-இல், தொழிலாளர் யாவரும் கைரேகை பதிய வேண்டும் என்று கம்பெனியார் விதித்தபோது, ‘நாங்கள் குற்றவாளிகளா?’ என்று வயல் முழுவதும் வேலைநிறுத்தம் செய்தது. பாட்டனாரும் அதில் நின்றார். வீட்டில் இக்கதையைப் பெருமையோடு சொல்வார்கள். எங்கள் தந்தையாரைப் படிக்கவைத்தவரும் பாட்டனாரே என்பார்கள். பாட்டியாரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை என்றே நாங்கள் நினைத்திருந்தோம்.

சுரங்கங்கள் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-இல் மூடப்பட்டன. பழைய பதிவேடுகளைத் தேடிப் பயனில்லாமல் திரும்பினோம். அப்பொழுது, தொண்ணூறை எட்டிய எங்கள் அத்தை, "ஊரில் அம்மா பேரில் நிலம் இருந்ததே, பார்த்தீர்களா?" என்றார். ஏரிக்கரை, வாய்க்கால், பனைமர வரிசை என்று எல்லையும் சொன்னார். ஊரார் சர்வே எண்ணைக் காட்டினர். சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் பார்த்தோம். 1936-ஆம் ஆண்டின் அடமானப் பத்திரம் ஒன்றின் நகல் கிடைத்தது.

பத்திரம் எழுதிக்கொடுத்தவர் எங்கள் பாட்டியார். நிலம், தங்கவயலில் கூலி வேலை செய்து வாங்கிய அவருடைய ‘சுயார்ஜிதம்’ என்று அதில் கண்டிருந்தது. கடன் வாங்கிய காரணம், ‘குமாரனின் பள்ளிச் செலவு’. கீழே, அவர் பெயருக்கு எதிரே, ‘இடது கைப் பெருவிரல் ரேகை’. அந்நிலம் மீட்கப்படவே இல்லை.

அன்பர்களே! பாட்டனார் மானத்திற்காகக் கைரேகை தர மறுத்தார். பாட்டியார் மகனுக்காகக் கைரேகை வைத்தார். நிலம் போயிற்று, தந்தையார் படித்தார், அதனால் நாங்கள் இன்று பெங்களூரில் இம்மேடையில் நிற்கின்றோம். தந்தையார் இதனை அறியாமலே காலமாகிவிட்டார். அந்தக் குறை எங்களுக்குத் தீராது.

ஆகவே ஒரு வேண்டுகோள். பெட்டியடியில் கிடக்கும் பழைய பத்திரத்தையும் இரசீதையும் குப்பையில் எறியாதீர்கள். இன்றிரவே வீட்டு முதியோரிடம் அமர்ந்து கேளுங்கள். எந்த ஊர், எந்த இரயில், என்ன வேலை, என்ன கூலி என்று கேட்டு எழுதுங்கள். பாட்டனார் பெயரோடு நிறுத்தாதீர்கள். பாட்டியாரின் பெயரையும் அவர் செய்த வேலையையும் எழுதுங்கள். அத்தையிடம் நாங்கள் கேட்க இன்னும் ஓராண்டு கடந்திருந்தால், கேட்பதற்கு அவரும் இருந்திருக்க மாட்டார்.