மீறப்படும் ஆணை

சவ்வாது மலையிலே காவலூர் என்று ஓர் ஊர். வைணு பாப்பு வானாய்வகம் அங்கிருப்பதால் மாணவர்களாகிய நீங்கள் அதன் பெயரை அறிந்திருப்பீர்கள். தொலைநோக்கியைக் காணச் சென்ற என்னை வழக்கறிஞன் என்று அறிந்ததும், தேநீர்க் கடை வாயிலில் ஒரு பெண்மணி ஒரு தாளை நீட்டினார். கணவர் தம்மை அணுகலாகாது, தொடர்பு கொள்ளலாகாது என்று குற்றவியல் நடுவர் வழங்கிய பாதுகாப்பு ஆணை அது. "இதற்குப் பிறகும் மூன்று முறை வந்துவிட்டார், ஐயா. அடிக்கவில்லை, வாசலில் நின்றுவிட்டுப் போனார். அதுவும் குற்றமா?" என்றார்.

குற்றமேதான். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-இல் இயற்றப்பெற்று, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்தது. அடிப்பதை மட்டுமன்றி, அவள் வேலை செய்யுமிடத்தில் நுழைவதையும், கடிதத்தாலோ தொலைபேசியாலோ தொடர்பு கொள்ள முயல்வதையும், அவளுக்குத் துணை நிற்கும் உறவினரைத் துன்புறுத்துவதையும் நடுவர் தடுக்கலாம். தடுத்ததைச் செய்தால் 31ஆம் பிரிவு பாயும்: ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். காவல்துறை பிடியாணையின்றியே கைது செய்யலாம். பிணையை உரிமையாகக் கேட்க இயலாது. நடுவர் மனம் வைத்தாலன்றிக் கிடையாது. வாசலில் நின்றதை யார் பார்த்தார் என்று அஞ்சவும் வேண்டா. பாதிக்கப்பட்டவளின் தனிச் சாட்சியமே போதுமென்று நீதிமன்றம் முடிவு செய்யலாம் என்கிறது 32ஆம் பிரிவு.

ஆணையில் தமக்கிட்ட கடமையைத் தக்க காரணமின்றிச் செய்யாத பாதுகாப்பு அலுவலருக்கும் இதே அளவு தண்டனை உண்டு. சட்டம் எழுதியோர் நம்மவரை நன்கு அறிந்திருந்தனர் போலும்!

சரி, மூன்றாம் முறை மீறினால் தண்டனை மும்மடங்காகுமா? ஆகாது. ஒவ்வொரு மீறலும் தனிக் குற்றமே. ஆயினும் உச்ச வரம்பு ஒன்றே. தமிழர் பலர் வாழும் மலேசியாவில் 1994-இல் இயற்றிய சட்டமோ, வன்முறையோடு ஆணையை மீண்டும் மீறியவனுக்கு 72 மணி நேரத்திற்குக் குறையாத சிறையை விதித்தது. அத்தகைய படிக்கட்டு நம் சட்டத்தில் இல்லாதது குறை என்றே நான் கருதுகிறேன். முதல் இரண்டு மீறல்களும் ஏட்டில் ஏறாவிடில், மூன்றாவது நடுவர் கண்ணுக்கு முதலாவதாகவே தோன்றும். ஆணையின் படியைக் காவல் நிலையத்துக்கு இலவசமாக அனுப்பவேண்டும் என்பதும் சட்டமே. ஆனால், மீறிய நாளை அங்கே தெரிவிப்பவர் யார்?

"ஒரு நாள் பசி என்றார், சோறு போட்டேன். ஆணை போய்விட்டதா?" என்று அவர் தயங்கினார். போகவில்லை. அவரே விண்ணப்பித்து விடுவித்துக்கொள்ளும் வரை அது நிற்கும் என்றேன்.

மகளின் நோட்டுப் புத்தகத்தில் இரு தேதிகளை எழுதினார். மூன்றாவது நினைவில்லை, திருவண்ணாமலைத் தீபத்துக்கு மறுநாள் என்பது மட்டும் தெரிந்தது. கடைக்காரரின் நாட்காட்டியைப் புரட்டி அதையும் குறித்துக்கொண்டோம்.